பைப்படி மரத்து இடம்

12 ஜூலை 2003, சனி

மகள் அனித்தா இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். அமெரிக்க எல்லையைத் தாண்டியுள்ள ஸ்டேட் பார்க்கில் கூடாரம் போட, அவள் ஒரு வாரமாகத் தேடி இரண்டு இடங்களை எடுத்து வைத்திருந்தாள். ஒன்று, சூரியன் மறைவது தெரியும் ஏரிக்கரை. மற்றது பழைய கோட்டை மதிலுக்கு அருகே. ஃபோனில் பதிவு செய்வது மட்டும்தான் என் வேலை. நான் இரண்டையும் விட்டுவிட்டு, பெரிய மரத்தடியில், தண்ணீர்ப் பைப்புக்குப் பக்கத்து இடத்தை எடுத்துவிட்டேன்.

"அப்பா, அங்கை எல்லாரும் கோப்பை கழுவ வருவினம். ஆரும் விரும்பாத இடம் அது!"

ஊரில், காட்டுக்குள் இருக்கும் மடுத் தேவாலயத் திருவிழாவுக்குப் போனால், ட்ராக்டர் நிற்குமுன்னே என் ஐயா குதித்து ஓடுவார், கிணற்றடிப் பாலைமரத்தைப் பிடிக்க. தண்ணீரும் நிழலும் கிடைத்தால் அந்தக் காட்டில் பத்து நாளும் ராச வாழ்க்கைதான். காட்சியை யார் பார்த்தார்கள்?

ஒரு வருடம் மன்னார்க்காரி ஒருத்தி தினமும் நாலைந்து தரம் வாளியோடு அந்தக் கிணற்றுக்கு வந்தாள். இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று ஐயாவே கேட்டுவிட்டார்.

அவள்தான் றீற்றா, என் மனைவி.

திங்கட்கிழமை ஏரிக்கரைக்கு மாற்றிக் கேட்பதாக அனித்தாவிடம் ஒப்புக்கொண்டேன். றீற்றா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். படுக்கப் போகும்போதுதான் சொன்னாள்:

"ஏன் மாத்திறியள்? நான் வாளியும் எடுத்து வைச்சிட்டனெல்லோ."