பஸ் ஆட்டியதும் கை ஆட்டியதும்

உன் போன் இப்போது என் மேசையில் இருக்கிறது. உறையைக் கழற்றினால் ஓரத்தில் பால்கோவாப் பிசுபிசுப்பு. கை கழுவாமல் போனைத் தொடாதே என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். இன்று அதைத் துடைக்க மனம் வரவில்லை. நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது உன் அம்மா கொடுத்தார்கள். "ரெண்டு பேரும் எந்நேரமும் இதுலதானம்மா கெடந்தீக. நீயே வச்சுக்கோ."

நாம் செய்த ஆப் அப்படி. இரண்டு போன்களைச் சேர்த்து ஒரே கையில் பிடித்துக் குலுக்கினால் அவை இணைந்துகொள்ளும்; திரை பச்சையாகும். பாஸ்வேர்டு வேண்டாம். இரண்டும் ஒரே மாதிரி ஆடினவா என்று உள்ளிருக்கும் சென்சார் சொல்லிவிடும். அதைத் தன் மில்லுக்கு வாங்க, ராஜபாளையத்து மில் முதலாளி ஒரே நிபந்தனை போட்டார்: வேறு யார் போனும் உள்ளே நுழையக் கூடாது. தேறினால் ஊரிலேயே சொந்தத் தொழில். இல்லையென்றால் ஆளுக்கொரு திசையில் வேலை தேடிப் போக வேண்டியதுதான்.

அவருக்குச் செய்து காட்டுவதற்கு முந்தின நாள் ராஜபாளையம் பஸ்ஸில் சோதித்துப் பார்த்தோம். உன் கையில் இரண்டு போன்; மூன்றாவது, என் மடியிலிருந்த சாப்பாட்டுப் பையில். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பைக்குள் இருந்ததும் சேர்ந்துகொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீயோ சிரித்தாய்.

"ஏட்டி, பஸ்ஸு எல்லாத்தையும் ஒண்ணாத்தான ஆட்டுது. போன் மேல என்ன குத்தம்? மொதல்ல செத்த நேரம் சும்மா பிடிச்சிருப்போம். சுத்தி என்ன ஆடுதுன்னு அது தெரிஞ்சுக்கிடட்டும். பொறவு அதைக் கழிச்சிட்டு, கை குலுக்குறத மட்டும் எடுத்தாப் போதும்."

விடிவதற்குள் மாற்றி எழுதிவிட்டோம். மில்லில் தரையே அதிர்ந்துகொண்டிருந்தது. முதலாளி மூன்றாவது போனோடு உன் எதிரே நின்று, நீ குலுக்குவதைப் பார்த்து அப்படியே குலுக்கினார். உன் கையிலிருந்த இரண்டும் சேர்ந்தன; அவருக்கு வேர்த்ததுதான் மிச்சம். "சரிம்மா, திங்கக்கெழமையே போட்டிருங்க" என்றார். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். திமிர் பிடித்தவள்.

ஆடிப்பூரத் தேருக்குச் சேர்ந்து வடம் பிடிப்போம் என்றாய். அதற்குள் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. நாளை வேறொரு மில்லில் செய்து காட்ட வேண்டும், முதன்முறையாகத் தனியாக. முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும்.

காலையில் உன் போனையும் என் போனையும் சேர்த்துப் பிடித்தேன். செத்த நேரம் சும்மா இருந்தேன். கை நடுங்கியது. பஸ்ஸைக் கழித்த மாதிரி அந்த நடுக்கத்தையும் ஆப் கழித்துக்கொண்டது. பிறகு குலுக்கினேன். இரண்டு திரையும் ஒன்றாகப் பச்சையாயின.

நாளைக்கு இந்த இரண்டையும்தான் எடுத்துப் போகிறேன். பிசுபிசுப்போடு.