மோட்டார் சூடான புதன்கிழமைகள்

மாமா,

இன்று காலை உங்கள் மகன் தறிகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பின்பக்கக் கதவு திறந்திருந்ததால் வாடை சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. தறி எண்ணெயும் பஞ்சுத் தூசும் கலந்த வாடை. எத்தனை முறை துவைத்தாலும் உங்கள் துண்டை விட்டுப் போகாத வாடை. பால் பொங்கி அடுப்பில் வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் நின்றுவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மறுபடியும் மே மாதம், பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. இந்த மாதத்தில் உங்களை நினைக்காமல் இருக்க எனக்கு வழியில்லை.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் என் பக்கத்திலிருந்து அதை நான் உங்களிடம் சொன்னதே இல்லை.

பல வருஷங்களுக்கு முன்னால், எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றுக்குள்ளேயே அசைவை நிறுத்திவிட்டது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியில் சுற்றி உங்கள் மகனிடம் கொடுத்தார்கள். நான் ஒரு தடவை முகத்தைப் பார்த்தேன். அதற்கப்புறம் நம் வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. என் மனசு நோகக்கூடாது என்றுதான் எல்லாரும் பேசாமல் இருந்தீர்கள், எனக்குத் தெரியும். பார்க்க வந்தவர்கள் மட்டும் “மறந்துடும்மா, அடுத்தது நல்லபடியா வரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் பள்ளிக்கூடம் போனேன், பாடம் நடத்தினேன், வந்தேன். ஒரு நாள் மதியம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, இனி இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. அந்த நினைப்பு எனக்குப் பயமாக இல்லை. பயமாக இல்லையே என்பதுதான் அன்று மாலை என்னை பிரசவம் பார்த்த டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

அவர்தான் சென்னையில் இருக்கும் ஒரு மனநல ஆலோசகர் அம்மாவின் நம்பரைக் கொடுத்தார். வாராவாரம் புதன்கிழமை போனில் வீடியோவில் பேச வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் காலியான வகுப்பறையில் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவேன். உங்கள் மகனுக்கு மட்டும் தெரியும். உங்களுக்கும் அத்தைக்கும் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லியிருந்தோம்.

அப்படியே போயிருக்கும். கோடை வந்து எல்லாவற்றையும் கலைத்தது. பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். நாத்தனார் தன் இரண்டு பிள்ளைகளோடு நகரியிலிருந்து லீவுக்கு வந்துவிட்டாள். போதாததற்குப் பின்பக்கம் நான்கு விசைத்தறி, பகல் முழுக்க ஓயாத சத்தம். நம் வீட்டில் பக்கத்தில் இருப்பவரிடம் உப்பு கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். என் பேச்சு கத்திச் சொல்லும் பேச்சா? மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். வெயிலில் போன் கொதித்து, பாதிப் பேச்சில் அணைந்துபோனது.

ஒரு மாசம்தானே, ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் பார்த்துக்கொள்ளலாமே என்றார் உங்கள் மகன். ஆலோசகர் ஒத்துக்கொள்ளவில்லை. வேலையும் இல்லாமல், பேச்சும் இல்லாமல் வீட்டோடு இருந்தால் மனசு பழைய இடத்துக்கே திரும்பிப் போகும், இந்த மாதத்தில்தான் விடக்கூடாது என்றார். எனக்கு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. விட்டுவிடுவது எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா மாமா.

கடைசி முயற்சியாக ஒரு புதன்கிழமை ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு பேசினேன். நடுநடுவே ரயில் அறிவிப்பு. நான் அழுதுகொண்டிருந்தபோது அரக்கோணம் வண்டியிலிருந்து நீங்கள் இறங்கினீர்கள். சட்டைப் பையில் நூல் வெட்டும் சின்னக் கத்தரி, தோளில் துண்டு. என்னைப் பார்த்தீர்கள். நின்றீர்கள். பிறகு வெளியே போய்விட்டீர்கள். வீட்டில் என்ன நடக்கப்போகிறதோ என்று நான் பயந்துகொண்டேதான் வந்தேன். நீங்கள் தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தீர்கள். தலை நிமிரவில்லை. ராத்திரி உங்கள் மகனைக் கூப்பிட்டு, அது என்ன போன், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டீர்களாம்.

அடுத்த புதன்கிழமை, சரியாக அந்த நேரத்துக்கு நான்கு தறியும் நின்றன. அப்படி ஓர் அமைதியை நம் வீட்டில் பகலில் நான் கேட்டதே இல்லை. கூட வேலை செய்தவரை டீ குடித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பினீர்கள். பிள்ளைகளுக்கு நுங்கு வாங்கிக் கொடுக்கச் சொல்லி நாத்தனாரைக் கடைத்தெருவுக்கு அனுப்பினீர்கள். தறி ஏன் நின்றது என்று அத்தை கேட்டதற்கு, “மோட்டாரு சூடாயிடுச்சு, வெயில்ல. கொஞ்சம் ஆறட்டும்” என்றீர்கள். பிறகு நாற்காலியை இழுத்து என் அறைக் கதவுக்கு வெளியே போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தீர்கள். அந்தக் கோடை முழுக்கப் புதன்கிழமை தவறாமல் நம் வீட்டு மோட்டார் சூடானது.

ஒரு வாரம் நான் போனை எடுக்கவில்லை. அன்றைக்கு எனக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். மணி அடித்து ஓய்ந்தது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் குரல் கேட்டது.

“யாரு கிட்ட பேசுற, இன்னா பேசுறன்னு நான் கேக்கமாட்டேம்மா. தறிய நிறுத்திக்கினு உக்காந்துகினு இருக்கேன். நீ பேசலன்னா அது சும்மா நின்னதா ஆயிடும்.”

எழுந்து ஆலோசகரை நானே கூப்பிட்டேன். அன்றைக்குத்தான் குழந்தையின் முகம் எப்படி இருந்தது என்று முதல் முறையாக ஒருவரிடம் சொன்னேன்.

மே முடியும் சமயம். நான் பேசிவிட்டு வெளியே வந்தபோது நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. கத்தரியைத் திறந்து மூடிக்கொண்டே கேட்டீர்கள்.

“அந்தம்மா கிட்ட வயசானவங்க பேசலாமா?”

“பேசலாம் மாமா. யாரு வேணா பேசலாங்க.”

“தெலுங்குல பேசுனா புரியுமா அவங்களுக்கு?”

புரியும் என்றேன். கத்தரியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

“எனக்கும் ஒண்ணு போச்சும்மா. உம் புருஷன் பொறக்கறதுக்கு முன்னாடி. மூணு வயசு, ஜுரம். உங்க அத்தையும் நானும் அதப் பத்தி பேசுனதே இல்ல.”

இத்தனை வருஷம் இந்த வீட்டில் இருக்கிறேன், மாமா. ஒரு போட்டோ இல்லை, ஒரு பேச்சு இல்லை. அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஆலோசகர் உங்களுக்கென்று தனியாக நேரம் கொடுத்தார். உங்கள் காதில் இயர்போனை நான்தான் மாட்டிவிட்டேன். கூச்சமாகச் சிரித்தீர்கள். கதவைச் சாத்திவிட்டு அதே நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். தறி ஏன் நின்றது என்று அத்தை வந்து கேட்டபோது மோட்டார் சூடாகிவிட்டது என்றேன். திருவாலங்காட்டுக் கரும்புக் கொல்லையில் வளர்ந்த எனக்கு உங்கள் தாய்மொழியான தெலுங்கு முக்கால்வாசி புரியாது. மெல்லிய குரலில், யாரையோ தூங்கவைப்பது போல, பேசிக்கொண்டே இருந்தீர்கள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

வெளியே வந்து முகம் கழுவினீர்கள். செம்போடு தண்ணீர் குடித்தீர்கள். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, “பாப்பாவுக்கு இன்னா பேரு வெக்கலாம்னு இருந்தம்மா?” என்றீர்கள்.

அதுவரை ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. மகிழினி என்றேன். உங்கள் நாக்குக்கு அது வரவில்லை. மகிலினி, மகிலினி என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத் தறியைப் போடப் போனீர்கள். என்றைக்குப் பிறந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். நட்சத்திரத்தைப் பஞ்சாங்கத்தில் நீங்களே பார்த்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மலைக்கோயிலுக்குப் போனோம். குருக்கள் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார். நீங்கள் எப்போதும் போல வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். உங்கள் பெயர், அத்தை பெயர், உங்கள் மகன், நான், நாத்தனார், அவள் பிள்ளைகள். முடிந்தது என்று குருக்கள் திரும்பினார். நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

“சரோஜா, உத்திரம். மகிழினி, ரோகிணி.”

ழகரம் சுத்தமாக வந்தது. தறிச் சத்தத்துக்குள் எத்தனை நாள் சொல்லிப் பழகினீர்களோ. போனவர்கள் பெயருக்கு அர்ச்சனை செய்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியாதா என்ன. குருக்கள் இரண்டு பெயரையும் மந்திரத்தோடு சேர்த்துச் சொன்னார். முதல் பெயரைக் கேட்டதுமே அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். கீழே வரும்வரை விடவில்லை.

இறங்கும்போது உங்கள் மகன் கேட்டார். “யாரு நைனா அந்த ரெண்டு பேரு?”

“ஒண்ணு உங்க அக்கா. ஒண்ணு உம் பொண்ணுடா.”

அவர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அழாதவர், வீட்டில் அழாதவர், மலையேறுகிற ஜனங்கள் எல்லாம் விலகி விலகிப் போக, முகத்தை முழங்காலில் புதைத்து அழுதார். நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கையை வைத்துக்கொண்டீர்கள். அவசரப்படுத்தவில்லை.

ஜூனில் நான் மறுபடியும் வகுப்பறையிலிருந்து பேசினேன். வருஷம் போகப் போக வாராவாரம் என்பது மாசத்துக்கு ஒன்றாகி, ஒரு நாள் ஆலோசகரே இனி தேவைப்பட்டால் கூப்பிடுங்கள் என்றார். பிறகு பேரன் பிறந்தான். அவனை நிறுத்திய தறியின் கட்டையில் உட்காரவைத்து நீங்கள் தெலுங்கில் கொஞ்சியதை அத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உங்களைப் பற்றி மட்டுமில்லை, சரோஜாவைப் பற்றியும் சொல்கிறார்கள். மாம்பழக் கொட்டையைக் கடைசிவரை விடமாட்டாளாம்.

போன மாதம் அத்தையின் கண் ஆபரேஷனுக்காகச் சென்னைக்கு ரயிலில் போனோம். திருவள்ளூரில் ஏறிய ஒரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இந்தக் கேள்விக்குப் பயந்து நான் கல்யாண வீடுகளுக்குப் போகாமல் இருந்த காலம் ஒன்று உண்டு.

“ரெண்டுங்க. பெரியவ மகிழினி, வயித்துலயே போயிட்டா. சின்னவன் ஒண்ணாவது போகப் போறான்.”

கேட்டதும் சொல்லிவிட்டேன், மாமா. அந்த அம்மா கட்டிய பூவில் ஒரு முழம் நறுக்கி என் மடியில் வைத்தார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி, எனக்கும் பெரியவ ஒருத்தி இருந்தா என்று ஆரம்பித்தார்கள். வண்டி சென்ட்ரல் போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டே வந்தார்கள்.