கம்பியைப் பிடிக்காத மருமகனுக்கு

என் மகளைக் கைப்பிடித்துத் தேற்றாத்தீவுக்கு வந்து, என் வீட்டைப் பாதிப் பள்ளிக்கூடமாக்கிவிட்டுப் போன அன்பு மருமகனே,

உங்களோடு நான் நேராகக் கதைப்பது இதுதான் முதல் தடவை. இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். உங்களுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்று மகளிடம் கேட்டேன். மகள் இல்லாத நேரத்தில் பூனையிடம் கேட்டேன். மருமகனோடு மாமி முகம் பார்த்துக் கதைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. என் தாயும் என் புருஷனோடு அப்படித்தான் இருந்தாள்.

நீங்களும் பழுகாமத்துப் பிள்ளை, இந்த முறையெல்லாம் தெரிந்தவர்தான். ஆனால் வாயை மூடிக்கொண்டா இருந்தீர்கள்? என்னோடு கதைக்கக்கூடாது என்பதற்காகச் சுவரோடு கதைத்தீர்கள். பகலில் மட்டக்களப்பில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம், பின்னேரத்தில் என் குசினிச் சுவருக்கு விஞ்ஞானம். சுவர் என்ன படித்ததோ தெரியாது. கேட்டுத் தொலைத்தது நான்.

இன்றைக்கு எனக்குக் கோபம் தாங்கவில்லை. கோபத்தில் முறை பார்க்க முடியாது. அதனால் கேட்கிறேன், உங்களையே கேட்கிறேன்: ஏன் நீங்கள் கம்பியைப் பிடிக்கவில்லை?

தெரியாத ஆள் என்றால் மன்னிக்கலாம். உங்களுக்குத் தெரியாததா? கலியாணம் முடிந்த கையோடு வாவியைக் கடந்து உங்கள் ஊருக்குப் போனோமே, அன்றைக்குத் தோணியைக் கட்டுவதற்கு முன்னரே கரைக்குக் காலை வைத்தீர்கள். தோணி பின்னால் போனது, நீங்கள் தண்ணீருக்குள் போனீர்கள். புது மாப்பிள்ளை, புது வேட்டி, இடுப்பளவு தண்ணீர். வேறொருவன் என்றால் வெட்கத்தில் ஓடியிருப்பான். நீங்கள் அங்கேயே நின்று, “நான் தோணியப் பின்னுக்குத் தள்ளினா, தோணியும் என்ன முன்னுக்குத் தள்ளும். அது லேசான தோணி, அதான் வழுக்கிக்கொண்டு போயிற்று” என்று விளக்கம் சொன்னீர்கள்.

“முதல்ல ஏறுங்க தம்பி, மறுகா சொல்லுங்க” என்றார் தோணிக்காரர்.

கோயிலுக்குப் பாயசப் பானையோடு ஓட்டோவில் போனோம். ஓட்டோக்காரர் திடீரென்று பிரேக் அடித்தார். பானையில் இருந்த பாதி என் சேலைக்கு வந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் ஓட்டோவின் கூரையைப் பார்த்துக்கொண்டு, “பிரேக் ஓட்டோவுக்குத்தான் இரிக்கி, பாயசத்துக்கு இல்ல. ஓடுற சாமான், ஒண்டு வந்து மறிக்குமட்டும் ஓடிக்கொண்டுதான் இரிக்கும்” என்றீர்கள். மறித்தது என் சேலை. அதைத் தோய்த்ததும் நான்.

வயல் வட்டையிலிருந்து நெல்மூட்டை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தையும் விட்டீர்களா? படலைக்கு முன்னால் மறித்து, பாரம் கூடக்கூட நிறுத்துவதற்கும் கூடுதலான பலம் வேண்டும், பின்னால் இழுப்பது வெறும் பெட்டியென்று நினைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் பிரேக்கை மிதிக்காதே என்று அந்த மனிதனுக்குப் பாடம் எடுத்தீர்கள். அவன் பசியோடு வீட்டுக்குப் போகிறவன். உங்களுக்கு அது எங்கே விளங்கியது!

இவ்வளவும் தெரிந்த மனிதன்தான் பஸ் வாசலில் கையை விட்டுவிட்டு நின்றீர்கள். எங்கள் ஊர்ச் சந்திக்கு இன்னும் எவ்வளவோ தூரம் கிடக்க, எழும்பி முன்வாசலுக்கு வந்துவிட்டீர்களாம். அதில் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அந்த வியாதி இருக்கிறது. முன்கூட்டியே போய் வாசலில் தொங்காவிட்டால் இறங்கவிடாமல் கல்முனைக்கே கொண்டுபோய்விடுவார்கள் என்று ஒரு பயம். றோட்டில் படுத்திருந்த மாடு எழும்பியது. பஸ் நின்றது. நீங்கள் நிற்கவில்லை.

கைபேசியை எடுக்கக் கையை விட்டார் என்கிறார் ஒருவர். இல்லை, பக்கத்தில் நின்றவருக்கு இரண்டு கையாலும் எதையோ விளக்கிக்கொண்டு நின்றார் என்கிறார் இன்னொருவர். நான் இரண்டாவது ஆள் சொன்னதைத்தான் நம்புகிறேன். நம்புவதால்தான் வயிறு எரிகிறது. என்ன விளக்கினீர்கள்? அந்த ஆளுக்காவது விளங்கியதா?

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் தலையெழுத்து என்றார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கைக்கெட்டிய தூரத்தில் கம்பி இருந்திருக்கிறது, இதில் தலை எங்கே வந்தது, எழுத்து எங்கே வந்தது?

ஆண்டுத் திவசமும் முடிந்துவிட்டது. நான் இப்போது ஊருக்கே தொல்லையாகிவிட்டேன். பஸ்ஸில் ஏறினால் வாய் சும்மா இருப்பதில்லை. “தம்பி, கம்பியப் பிடி. புள்ள, நிக்குமட்டும் எழும்பாத” என்று கத்திக்கொண்டே போகிறேன். போன கிழமை கொண்டக்டர் பொடியன், “அம்மா, நீங்க டிக்கெட் எடுத்து வந்தீங்களா, இல்ல எனக்கு மேலதிகாரியா வந்தீங்களா?” என்று கேட்டான். பின்சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் ‘பிரேக் மாமி’ என்று பெயரும் வைத்தாயிற்று. நல்ல சொத்து விட்டுப் போனீர்கள் எனக்கு!

ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். வீட்டில் நடப்பதைத்தான் சொல்ல வந்தேன். என் மகள் சுகந்திக்குக் களுவாஞ்சிகுடியில் ஒரு கந்தோரில் வேலை கிடைத்திருக்கிறது. பக்கத்திலேயே பாலர் பாடசாலை இருப்பதால் உங்கள் பிள்ளை அபியையும் அங்கே சேர்த்துவிட்டாள். போய்வர ஒரு ஸ்கூட்டர் எடுத்தாள். அதுவரை சரி. முதல் நாள் காலையில் பார்க்கிறேன், பிள்ளையை முன்னால், சீட்டுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவில் நிற்கவைத்திருக்கிறாள். ஊரில் எல்லோரும் பிள்ளைகளை அப்படித்தான் கொண்டுபோகிறார்கள். பிள்ளையும் பெரிய துரை மாதிரிக் கண்ணாடிக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் படலையை மறித்துக்கொண்டு நின்றேன்.

“என்ன புள்ள இது? பிரேக் பிடிச்சா ஸ்கூட்டர் நிக்கும், புள்ள நிக்குமா? இறக்கு அவள. பஸ்ஸில போ.”

“பஸ்ஸா? அவர ஏத்திக்கொண்டு போன பஸ் திருப்பிக் கொண்டுவந்து விட்டதா, அம்மா? நான் ஏறமாட்டன். புள்ளயயும் ஏத்தமாட்டன்.”

“அப்ப புள்ளய முன்னுக்கு நிப்பாட்டாத.”

“பின்னுக்கு இருத்தினா ஆர் பிடிக்கிற? எனக்கு முதுகிலயும் கை இரிக்கா? அவர் கதைச்ச மாதிரியே கதைக்காதீங்க, அம்மா. கேக்க ஒண்ணாமக் கிடக்கு.”

அன்றைக்கு அவள் அபியை வீட்டில் விட்டுவிட்டு, அழுதுகொண்டே தனியாகப் போனாள். அடுத்த நாளும் அதே சண்டை. நான் எவ்வளவு தள்ளினேனோ அவ்வளவு பலத்தோடு அவளும் என்னைத் தள்ளினாள். அந்தத் தோணி விதி உடலுக்குத்தான் பொருந்தும், மனதுக்கு இல்லை என்று சுவரிடம் சொல்வீர்கள். வந்து நீங்களே திருத்துங்கள். இப்போது அவளும் நானும் கதைப்பது பூனை வழியாகத்தான். பிள்ளை பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கும் விறாந்தைக்கும் நடக்கிறாள். இரண்டு பெண்களின் பயத்துக்கு நடுவில் அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

உங்களிடம் கேட்டிருந்தால் ஒரு வழி சொல்லியிருப்பீர்கள். கேட்க ஆள் இல்லையே! கடைசியில் நானே யோசித்தேன். திங்கட்கிழமை காலையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். அலுமாரிக்கு மேல் கிடந்த ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். போய் ஸ்கூட்டரின் பின்சீட்டில், ஆண்கள் இருக்கிறது போல இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறி இருந்தேன். இந்த வயதில்! முன்வீட்டுக்காரி வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

“அபிய நடுவில இருத்து. நான் பிடிக்கிறன். அவள விட்டுட்டு, என்ன வீட்டில இறக்கிப்போட்டு நீ வேலைக்குப் போ. பின்னேரம் அவளக் கூட்டிவரவும் வாறன்.”

“நீங்களா? ஸ்கூட்டர்லயா?”

“ஓம். மெதுவா ஓடு. மூண்டு பேர்ட பாரம் இரிக்கி, முன்னுக்கே பிரேக்கப் பிடி.”

அவள் அபியைத் தூக்கி நடுவில் இருத்தினாள். ஸ்கூட்டரை ஓட்டினாள். எனக்கு உயிர் கையில் இல்லை. பிரதான வீதிக்கு ஏறிக் கொஞ்சத் தூரம் போயிருப்போம், வேலிக்குள்ளிருந்து ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. சுகந்தி பிரேக் பிடித்தாள். நான் அபியில் போய் மோத, அபி தாயின் முதுகில் போய் மோதினாள். ஸ்கூட்டர் நின்றது. நாங்கள் மூவரும் அதோடு நின்றோம்.

“அம்மம்மா, நசியிது!” என்று பிள்ளை கத்தினாள்.

சுகந்தி காலை ஊன்றிக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“பிடிச்சிரிக்கீங்களா, அம்மா?”

“பிடிச்சிரிக்கன். நீ ஓடு புள்ள.”

அன்றைக்கு அபி பள்ளிக்கூடம் போனாள். நான் வீட்டுக்கு வந்து தனியாக இருந்து அழுதேன். மருமகனே, அன்றைக்கு அந்த பஸ்ஸில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். உங்கள் கையைப் பிடித்து இழுத்திருப்பேனா? மாட்டேன். ‘கம்பியப் பிடியுங்க’ என்று உங்களைக் கூப்பிட்டாவது சொல்லியிருப்பேனா? அதுவும் மாட்டேன். பக்கத்தில் இருந்தவளிடம், “அவரக் கம்பியப் பிடிக்கச் சொல்லு” என்றிருப்பேன். அவள் எழும்பி வந்து உங்களிடம் சொல்வதற்குள் மாடு எழும்பியிருக்கும். இப்படி ஒரு முறையை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களை நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

நல்லவேளை, பேத்தியைத் தொடக்கூடாது என்று ஒரு முறையும் எங்களிடம் இல்லை. நசிகிறது என்று அவள் கத்தட்டும், ஊர் சிரிக்கட்டும். அவள் தானாகக் காலூன்றி இறங்குகிற வயது வரும்வரை நான் பின்னால் இருந்து பிடித்திருப்பேன். இது உங்களுக்குத் தருகிற சத்தியம், சுவரில் தொங்குகிற படத்தில் உங்கள் முகத்தைப் பார்த்தே தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் அம்மம்மா, உங்கள் மாமி.