இனி எண்ணெய் அனுப்ப வேண்டாம்

கயல் அப்பாவுக்கு,

தாராபுரம் பஸ்ஸில் நீங்கள் கொடுத்துவிட்ட கடலை எண்ணெய் கேன் வந்தது. இனி அனுப்ப வேண்டாம். போன வாரத்துக் கேனையே நான் இன்னும் திறக்கவில்லை.

போனில் சொன்னால், "நம்ம மில்லு எண்ணெயில இல்லாத சத்தா அம்மணி?" என்று கோபப்படுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். கயலின் உடம்பில் வைட்டமின் ஈ இல்லாததால்தான் நடை போனதாம். எண்ணெயில் அது பல வகையாக இருக்கிறதாம். குடல் எல்லாவற்றையும் உள்ளே விடுமாம். கல்லீரல்தான் அதில் ஒரு வகையை மட்டும் பிடித்து ரத்தத்துக்கு அனுப்பி, மற்றதைக் கழித்துவிடுமாம். அப்படிப் பிடித்துக்கொடுக்கும் புரதம் கயலுக்குப் பிறவியிலேயே இல்லை. எண்ணெயில் இருக்கிற அளவு அவள் உடம்பில் தங்காது.

"மாத்திரை நிறையக் கொடுத்தா மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தலாமுங்க. போன நடை திரும்பாது," என்றார் டாக்டர். அவள் தடுமாற ஆரம்பித்தபோதே கூட்டி வந்திருந்தால் என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

நேற்று கயல் கேனைத் தடவிக்கொண்டே குழறிக் குழறிக் கேட்டாள்: "அப்பா ஆட்டுன எண்ணெய் ஊருக்கெல்லாம் ஒட்டுது. எனக்கு மட்டும் ஏம்மா ஒட்டல?"

டாக்டரும் ஒன்று கேட்டார். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இறங்கினால்தான் இந்தக் கோளாறு வருமாம். "சொந்தத்துக்குள்ளயே கட்டுனீங்களா?" என்றார். நான் கயலின் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு வாருங்கள். சக்கர நாற்காலியை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நாங்கள் தங்கியிருக்கும் மாடிக்குத் தூக்க ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள்