ஆறு மூட்டை ஆடாதோடை

9 ஜூலை 1957, செவ்வாய். பொகவந்தலாவை.

மூன்று தரம் சோப்புப் போட்டும் கையில் அழுகல் வாடை போகவில்லை.

போன வாரம் கொழும்பிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்தார். இப்போது பரவுகிற காய்ச்சல் கிருமியை ஆடாதோடை கொல்லுமா என்று சோதிக்கச் செடி கேட்டார். தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரான நான், பெருமை தலைக்கேறி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆடாதோடை வேலி முழுவதையும் வேரோடு பிடுங்க வைத்தேன். ஆறு மூட்டை. அவர் எடுத்துக்கொண்டது ஒரு போத்தல் அளவு.

"உள்ளே இருக்கிற சத்தைக் கண்டுபிடித்தால், அதைப் போல நாங்களே செய்துகொள்வோம். பிறகு செடி எதற்கு?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தூ.

மூட்டைகள் மருந்துச் சாலைக்குப் பின்னால் மழையில் கிடந்தன.

இன்று சாயங்காலம் கொழுந்தெடுக்கும் மாரியாயி வந்தாள். மகளுக்கு இருமல் நிற்கவில்லை. என்னிடம் இருமல் மருந்து தீர்ந்து நாலு நாள்.

"ஆராய்ச்சி முடிஞ்சிருச்சுங்களா டாக்டரய்யா? வேலியில ஒரு எல இல்லைங்க. இதுல ரெண்டு எடுத்துக்கலாமுங்களா?"

அவள் வீட்டு வேலி அது. என்னிடம் கேட்கிறாள்.

ஆறு மூட்டையிலும் கையை விட்டுத் துழாவினேன். கூழாகிக் கிடந்தது. ஒரு நல்ல இலை அகப்படவில்லை.

"பரவாயில்லைங்கய்யா" என்று சொல்லி, என் கைக்கு அவள்தான் தண்ணீர் ஊற்றினாள்.