மைக் மேல் போட்ட பழி

என் கண்ணு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர உடம்பும் மனசும் அசந்து கிடக்கின்றன. போனில் சொல்ல முடியாததால் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ ஆசையாக அனுப்பிய மைக்கைப் பற்றித்தான். அம்மா அதைப் பெட்டியிலிருந்து எடுத்து முந்தானையால் துடைத்து, என் பொண்ணு அனுப்பினது என்று கச்சேரிக் குழுவில் ஒருவர் விடாமல் காட்டினாள். அது நான்கு சுவருக்குள் ஒலிப்பதிவு செய்கிற மைக், ஊசி விழுந்தாலும் பிடித்துவிடும், மேடையில் டிரம்ஸையும் ஸ்பீக்கரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு படுத்தும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு கல்யாண வரவேற்பில் இரண்டாவது பாட்டிலேயே மைக் கீச்சென்று ஊளையிட்டது. முன்வரிசையில் எல்லாரும் காதைப் பொத்துவதைப் பார்த்த பிறகுதான், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு ஏதோ தப்பு என்றே தெரிந்தது. எந்தப் பொத்தான் என்று தெரியாமல் எல்லாவற்றையும் கீழே இழுத்தேன். அம்மா வாயை அசைத்துக்கொண்டு நிற்கிறாள், சத்தம் இல்லை. குழுவை நடத்துகிற மாஸ்டர் மேடையை விட்டு இறங்கி வந்து, "என்னண்ணே இது, முப்பது வருஷ கை இப்படிப் பண்ணலாமா" என்றார். "மைக் சரியில்ல மாஸ்டர், பொண்ணு தெரியாம வாங்கி அனுப்பிட்டா" என்று சொல்லிவிட்டேன். அது பாதி உண்மை. பாதி உண்மையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினேன். அம்மா உன்னிடம் மைக் ஒத்துவரவில்லை என்று போனில் சொன்னபோது நீ பேச்சை மாற்றிவிட்டாயாமே, அப்போது நான் பக்கத்தில்தான் தினசரியை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு மேடைக்கு என்றே இருக்கிற டைனமிக் மைக் வாங்கலாம் என்று அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போனேன். வாய்க்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் அது பிடிக்கும், பின்னால் டிரம்ஸ் உடைந்தாலும் கண்டுகொள்ளாது, கீழே விழுந்தாலும் எழுந்து பாடும் என்று போகிற வழியெல்லாம் பெரிய வாத்தியார் மாதிரி சொல்லிக்கொண்டு போனேன். கடைக்காரர் மூன்று மைக்கை எடுத்து வைத்தார். கடையில் பாட வெட்கப்பட்டுக்கொண்டு அம்மா "சனிக்கிழமை சாயங்காலம்" என்று மூன்றிலும் மாற்றி மாற்றிச் சொன்னாள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டேன். மூன்றும் எனக்கு ஒன்றுபோலவே இருந்தன. முதலாவதையே எடுத்துக்கலாம் என்றேன். அவள் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "இதுல ச வர்ற இடமெல்லாம் பாம்பு மாதிரி சீறுதே, உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள். நான் விலைச் சீட்டைப் படிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பி, தானே ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துப் பார்த்தாள். மூன்றாவது நன்றாக இருந்தது, ஆனால் தலையைக் கொஞ்சம் திருப்பினால் குரல் காணாமல் போனது, அவள்தான் தலையாட்டாமல் பாட மாட்டாளே. நடுவில் இருந்தது கொஞ்சம் கனம், சுவிட்சும் கிடையாது, கை தவறி அணைக்கிற வேலை இல்லை, குரல் சீறாமல் நெஞ்சோடு வந்ததாம். "இவருக்கு இதுதான் புடிச்சிருக்கு, இதையே கட்டிக் குடுங்க" என்று அவரிடம் சொன்னாள். என் மானத்தை அந்த இடத்தில் காப்பாற்றினாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும், எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டாள். இரண்டு வருஷம் இருக்கும் என்றேன். காது போனதற்கு அவள் கோபப்படவில்லை. "புள்ள மேல பழியப் போட்டுட்டு மூணு வேளையும் நிம்மதியா சாப்பிட்டீங்களே" என்று சொல்லி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அலமாரி மாதிரி ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போது இந்தப் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். நானும் கட்டை விரலை வைத்துக்கொண்டு, முதலில் வந்த நாலைந்து சத்தத்துக்கு அழுத்திவிட்டு, அடுத்தது எப்போது வரும் என்று காத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் கதவைத் திறந்து, முடிந்துவிட்டது வாருங்கள் என்றார்கள். கனத்த கீழ்ச் சுருதிச் சத்தம் எல்லாம் கேட்கிறதாம், கீச்சென்ற மேல் சுருதி போனது போனதுதானாம். காதுக்கு மெஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் பிடிபடும் என்கிறார், அளவெடுத்திருக்கிறார்கள். மாஸ்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் என் தோளில் கையை வைத்து, "வயரு, ஸ்பீக்கரு எல்லாம் நீங்களே பாருங்கண்ணே, பொத்தான மட்டும் விட்டுடுங்க" என்றார். இப்போது கீபோர்டுக்காரர் மிக்சரைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்கிறார்.

போன ஞாயிறு அம்மா புது மைக்கில் பாடினாள். நான் மண்டபத்தின் கடைசியில் சுவரில் சாய்ந்து நின்றேன். கீழே பாடும்போது நன்றாகக் கேட்டது. மேலே போகும்போது அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடி முடித்து வந்து, மேல போனப்ப எப்படி இருந்துச்சு என்று கேட்டாள். வழக்கம்போல, பிரமாதம் என்று வாய் வரை வந்தது. எனக்குத் தெரியலம்மா என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். உன் மைக்கில் குறை ஒன்றும் இல்லை. வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டு அதில் பாடிப் பதிவு செய்து உனக்கு அனுப்பப்போகிறாளாம். உன்னிடம் நேரில் சொல்லவேண்டிய மன்னிப்பை இதில் எழுதுகிறேன், ஏற்றுக்கொள்.

மழைக் கோட்டை மறந்துவிட்டு வேலைக்குப் போகாதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். இருவரும் ஒரு குறையும் இல்லாமல் ஒற்றுமையாக நீண்ட நாள் வாழ வேண்டும். இன்னொன்று, உன் குரல் அம்மாவுடையதைவிட மெல்லிசு, போனில் எனக்குப் பாதிக்கு மேல் பிடிபடுவதில்லை. போன வாரம் என்னிடம் ஏதோ கேட்டாய், உன் குரல் கொஞ்சம் நடுங்கியது மாதிரி இருந்தது, நான் சரிம்மா சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். எதற்குச் சரி சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. அதை அப்படியே ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பு கண்ணு.

இப்படிக்கு,
உன் அப்பா