உன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி

இன்று காலை மின்சாரம் போய்விட்டது. கீழே நிட்டிங் மெஷின்கள் எல்லாம் ஓய்ந்ததும், என்னை அறியாமல் மாடியில் உன் அறை ஜன்னலை அண்ணாந்து பார்த்தேன். சத்தம் நின்றால்தான் நீ அதைத் திறப்பாய். நீ கம்ப்யூட்டர் வழியாகக் கூட்டத்தில் பேசும்போதெல்லாம் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள், அங்கே மழையா என்று கேட்பார்களாம். நம் மெஷின் சத்தம் அவர்களுக்கு அப்படிக் கேட்டிருக்கிறது.

கல்யாணமாகி வேலம்பாளையம் வந்த புதிதில் ஒரு படத்தைக் காட்டினாய். பெரிய வட்டத்துக்குள் இரண்டே கோடுகள். மற்றதெல்லாம் காலி.

"படம் கெட்டுப்போச்சா?" என்றேன்.

"இல்லீங்க. இதைத்தான் தேடிட்டிருக்கறேன்."

வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் ஈயத்தின் அணுக்கருக்கள் நேருக்கு நேர் மோதி ஆயிரக்கணக்கில் துகள்கள் தெறிப்பதைத்தான் பலரும் பார்க்கிறார்கள் என்றாய். நீ பார்ப்பது, அவை ஒன்றையொன்று தொடாமல் விலகிப் போவதை.

சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா உன்னிடம் கேட்டாள்: "இடிக்காமப் போனா அதுல பார்க்கறதுக்கு என்ன கண்ணு இருக்குது?"

"கிட்டத்துல போறப்ப ஒண்ணோட வெளிச்சம் இன்னொண்ணு மேல படுதுங்க அத்தை. அதுல புதுசா ஒரு துகள் பொறக்குது. உடனே ரெண்டா உடைஞ்சுரும். அதுதான் இந்த ரெண்டு கோடு."

"எதோட வெளிச்சம் எது மேல படுது?"

"அதைச் சொல்ல முடியாதுங்க. ரெண்டு விதமாவும் நடந்துச்சுன்னு சேர்த்துத்தான் கணக்குப் போடோணும்."

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கும் புரியவில்லை. இப்போதும் புரிந்ததாகச் சொல்ல மாட்டேன்.

போன ஆடியில் தலைவலி என்று படுத்தாய். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போதே உன் பேச்சு குழறி நின்றுவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். அதன்பின் நீ கண் விழிக்கவேயில்லை.

சென்ற வாரம் கொல்கத்தாவிலிருந்து உன்னோடு வேலை செய்த பெண் போன் செய்தாள். நீங்கள் சேர்ந்து செய்த ஆய்வு வெளியாகியிருக்கிறது. உன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி இருக்கும், பார்த்துச் சங்கடப்பட வேண்டாம் என்றாள். காலமானவர்களுக்கு வைப்பதாம். நீ சேர்த்துவைத்த தரவுகளை வைத்து இன்னும் சில கட்டுரைகள் வரும், அவற்றிலும் உன் பெயர் இருக்கும் என்றாள்.

ஆபீஸில் அந்தக் கட்டுரையை அச்செடுத்தேன். ஆய்வில் சேர்ந்தவர்களின் பெயர்களே பல பக்கங்கள். தேடிக் கண்டுபிடித்து அம்மாவிடம் காட்டினேன். உன் பெயரை விரலால் தடவினாள்.

"இதென்ன சிலுவையாட்டம்?"

"உசுரோட இல்லைன்னு அர்த்தம்மா."

"இல்லாதவ எப்படிச் சாமி எழுதுவா?"

"முன்னாலயே எழுதுனது."

"எழுதறப்ப இருந்தாள்ல? அப்பறம் இது எதுக்கு?"

தாளை வாங்கி மடித்து வைத்தேன். அடுத்த கட்டுரை வரும்போது நீ இன்னும் வேலையில் இருப்பதாக எடுத்துக்கொள்வதா, இல்லை, இன்னொரு முறை உன்னை இழந்ததாகவா? யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

நேற்று நம் மெஷின்களுக்கு நூல் தரும் புது ஏஜென்ட் ஒருவர் வந்தார். பேச்சுவாக்கில், "ஊட்டுல அவங்க என்ன பண்றாங்க?" என்று கேட்டார்.

"பிசிக்ஸ் ஆராய்ச்சி பண்றாங்க," என்றேன்.

"நல்லதுங்க," என்றுவிட்டு நூல் விலையைப் பேச ஆரம்பித்தார். திருத்திச் சொல்ல வாயெடுத்தேன். 'பண்ணிட்டிருந்தாங்க' என்பதற்குப் பதில், விலையைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். நான் சொன்ன 'பண்றாங்க' இன்னும் அப்படியேதான் இருக்கிறது.